உப்புக் காற்றில் ஒரு சிந்தசைசர்: பேனலும் கன்ட்ரோலரும் நாமே செய்வது

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொடியூலர் அனலொக் சிந்தசைசருக்காக (தனித்தனி மொடியூல்களைக் கேபிளால் இணைத்து ஒலியை உருவாக்கும் மின்னணு இசைக்கருவி) ஒலியலையை எழுப்பும் ஓர் அலையாக்கியையும் அதன் தொனியை மாற்றும் ஒரு வடிகட்டியையும் பிரெட்போர்டில் கட்டி முடித்துவிட்டார், இரண்டும் ஒலிக்கின்றன. இனி அவற்றுக்கு முகப்புப் பேனல் வேண்டும். வெறும் அலுமினியத் தகட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு, பின்னால் இருக்கும் பாகங்களின் செலவை மிஞ்சுகிறது. திருகோணமலையில் கிடைப்பதைக் கொண்டே பேனல் செய்ய முடியுமா, வாசிப்பதற்கு ஒரு கீபோர்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முடியும், தம்பி. கீபோர்டு இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்; இந்தப் பதிலில் என் மனம் அதிகம் நிற்கும் இடம் அது.

பேனலிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலானோர் சுற்றை முடித்து, பலகையை முடித்து, கடைசியில் பானைக்கு மூடி தேடுவது போலப் பேனலுக்கு வருகிறார்கள். நானும் என் முதல் மூன்று மொடியூல்களை அப்படித்தான் செய்தேன். அவற்றில் ஒன்றில், பக்கத்துத் துளையில் கேபிள் செருகியிருந்தால் வடிகட்டியின் குமிழைத் திருப்ப இடமில்லை. ஒலி அருமையானது. ஆனாலும் வாசிக்கும்போது என் கை அந்த மொடியூலை விட்டு விலகியே போகிறது. சுற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் விரல் தொடும் இடம் பேனல் மட்டுமே. ஆகவே வரிசையைத் திருப்புங்கள்: முதலில் கை, அடுத்து பேனல், அதற்குப் பிறகு பலகை.

ஒரு சப்பாத்துப் பெட்டியின் அட்டையை எடுத்து, செய்யப்போகும் பேனலின் அளவுக்கே வெட்டுங்கள். உண்மையான மாறுந்தடையிகளையும் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகம்) ஜாக்குகளையும் (கேபிள் செருகும் துளை) அதில் குத்திப் பொருத்தி, குமிழ்களை மாட்டி, கேபிள்களையும் செருகுங்கள். மின்சாரம் வேண்டாம், ஒலி வேண்டாம். மேசைமேல் செங்குத்தாக நிறுத்திவைத்து, போகும்போதும் வரும்போதும் கை வையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் எந்தக் குமிழை உங்கள் கை தேடுகிறது, எது தேவைக்கு மேல் பெரிது, எந்தக் கேபிள் எதை மறைக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அட்டையைத் திருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும். அலுமினியத்தில் துளைத்த ஓட்டையை அடைக்க முடியாது.

அளவுகளைச் சொல்கிறேன். இன்று பரவலாக இருக்கும் யூரோரேக் முறையை ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுப்பகுதியில் தம்முடைய ஏ-100 தொகுதியுடன் கொண்டுவந்தார். அதில் பேனலின் உயரம் 128.5 மி.மீ. அகலம் எச்.பி. என்ற அலகால் அளக்கப்படும், 1 எச்.பி. என்பது 5.08 மி.மீ. பக்கத்துப் பேனலுடன் உரசாமல் இருக்க உண்மையான அகலத்தைச் சற்றுக் குறைத்து வெட்டுவார்கள்: 8 எச்.பி.க்கு 40.3, 12 எச்.பி.க்கு 60.6 மி.மீ. மேல் திருகுத் துளைக்கும் கீழ்த் திருகுத் துளைக்கும் இடையே 122.5 மி.மீ.; இடது விளிம்பிலிருந்து முதல் துளையின் மையம் 7.5 மி.மீ. திருகு எம் 3. மின்சாரம் +12, −12 வோல்ட். தட்டைக் கேபிளில் சிவப்புக் கோடு உள்ள பக்கம் −12. இதை மறந்து திருப்பிச் செருகினால் சில்லுகள் (ஐ.சி.) போய்விடும். எனவே ஒவ்வொரு பலகையிலும் மின்சாரம் நுழையும் இரண்டு வழிகளிலும் ஒவ்வோர் இருவாயியைத் தொடராகப் போட்டுவிடுங்கள். 1என் 5817 போதும்.

யூரோரேக் அளவைப் பின்பற்றியே ஆக வேண்டுமா? உயரத்தை மட்டும் பின்பற்றுங்கள் என்பது என் கருத்து. பிற்காலத்தில் ஒரு மொடியூலை வாங்கினாலோ, நண்பரிடம் இரவல் பெற்றாலோ அதே பெட்டியில் பொருந்தும். அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு சிறு பேனலுக்குள் பத்துக் குமிழ்களைத் திணிப்பது, பெட்டியில் இடமில்லாமல் தவிப்பவர்களின் தேவை. உங்களுக்கு அந்தத் தேவை இன்னும் வரவில்லை. 1970களில் கலிபோர்னியாவில் இசையமைப்பாளர் சேர்ஜ் செரெப்னின் தம் மாணவர்களோடு சேர்ந்து குறைந்த செலவில் உருவாக்கிய கருவிகளில், அகலமான ஒரே பேனலில் பல மொடியூல்கள் அடுத்தடுத்து இருந்தன. உங்கள் அலையாக்கிக்கும் வடிகட்டிக்கும் சேர்த்து ஒரே தகடு போதும். வெட்டு குறைகிறது, திருகு குறைகிறது, பெட்டியும் எளிதாகிறது. குமிழ்களின் மையங்களுக்கிடையே குறைந்தது 20 மி.மீ., ஜாக்குகளின் மையங்களுக்கிடையே 13 அல்லது 14 மி.மீ. விடுங்கள். ஜாக்குகளைக் கீழேயும் குமிழ்களை மேலேயும் வைத்தால் கேபிள்கள் தொங்கி விரல்களை மறைக்காது.

தகட்டுக்கு எங்கே போவது? அலுமினியக் கதவும் யன்னலும் செய்யும் பட்டறைகள் நம் நகரில் எத்தனையோ இருக்கின்றன. கண்டி வீதிப் பக்கம் போனால் கண்ணில் படாமல் இருக்காது. அங்கே ஓரத்தில் கிடக்கும் கழிவுத் துண்டுகளில் 2 மி.மீ. தடிப்புள்ளதைத் தேடுங்கள். 1.5 மி.மீ. தகடு, ஜாக்கைச் செருகும்போது வளையும். 3 மி.மீ. தகட்டில் ஜாக்கின் மரை நீளம் போதாமல் நட்டு பிடிக்காது. பட்டறையில் உள்ள வெட்டும் இயந்திரத்தால் விளிம்பை நேராக வெட்டித் தருவார்கள். கைவாளால் வெட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். கட்டடங்களின் முகப்பில் ஒட்டுகிறார்களே, இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை, அதுவும் பயன்படும். வெட்டுவதற்கு இலகு, நிறமும் ஏற்கெனவே இருக்கிறது. தடிப்பு மட்டும் 3 அல்லது 4 மி.மீ. வரும் என்பதால், நீண்ட மரையுள்ள மாறுந்தடையிகளும் ஜாக்குகளும் வேண்டும். அக்ரிலிக் பார்க்க அழகு. ஆனால் துளையின் ஓரத்தில் வெடிப்பு விடும். மின் இரைச்சலையும் தடுக்காது. அதைத் தேர்ந்தெடுத்தால் பின்பக்கம் செப்புத்தாள் ஒட்டித் தரையிணைப்புக் கொடுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தரையிணைப்பில்லாத பேனலுக்குப் பின்னால் அந்த முனகல் நிச்சயம் கேட்கும்.

துளையிடும்போது நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது காகிதத்தில் நடக்கிறது. வரைபடத்தைக் கணினியில் வரைந்து அச்செடுக்கும்போது, அச்சுப்பொறி தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைச் சிறிது சுருக்கிவிடும். நான் ஒருமுறை அதைக் கவனிக்காமல் ஒரு முழுப் பேனலையும் துளைத்து முடித்தேன். தகட்டைப் பெட்டியில் வைத்த பிறகே திருகுத் துளைகள் சேரவில்லை என்று தெரிந்தது. வரைபடத்தின் ஓரத்தில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றை வரைந்து, அச்சான தாளில் அதை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் தாளைத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் பஞ்ச் வைத்து ஒரு சிறு குழி அடியுங்கள். முதலில் எல்லா மையங்களையும் 2.5 மி.மீ. துளையிடும் அலகால் துளைத்து, பிறகு படிப்படியாகப் பெருப்பியுங்கள். கூம்பு வடிவப் படி அலகு கிடைத்தால் துளை வட்டமாகவே வரும். சாதாரண அலகு மெல்லிய தகட்டில் முக்கோணமாகத் தின்றுவிடும். அலகு வேலை செய்யும் இடத்தில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். அலுமினியம் அலகில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதைவிட நல்லது வேறில்லை. கரையோரத்து ஊரில் மண்ணெண்ணெய்க்கு அலையவும் வேண்டியதில்லை. 6 மி.மீ. மரையுள்ள ஜாக்குக்கு 6.3 அளவிலும், 7 மி.மீ. மரையுள்ள மாறுந்தடையிக்கு 7.3 அளவிலும் துளை வைத்தால் பொருத்தும்போது சற்று நகர்த்த இடமிருக்கும். ஆனாலும் எந்த எண்ணையும் நம்பாமல், வாங்கிய பாகத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்த பிறகே வரைபடத்தை முடியுங்கள். பாகங்களைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினால், ஒரே வகையில் தேவைக்கு மேல் நான்கு கூடுதலாக வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது அதே வகை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி நம் ஊரின் உண்மையான எதிரியைப் பற்றி. கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வாழும் எவருக்கும் யன்னல் கம்பி என்ன ஆகிறது என்று தெரியும். அலுமினியம் தானாகத் துருப்பிடிப்பதில்லை. ஆனால் துருப்பிடிக்காத எஃகுத் திருகு, உப்பு ஈரம், அலுமினியம் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். கரைவது அலுமினியம். ஒரு மாரி முடிந்து தை மாதத்தில் என் பேனல்களைக் கழற்றியபோது, ஒவ்வொரு திருகைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு திருகுக்கும் நைலோன் வளையம் போடுகிறேன். பேனலுக்குப் பூச்சும் அடிக்கிறேன். வாகனத்துக்கு அடிக்கும் தெளிப்புப் பூச்சே போதும். ஆனால் பின்பக்கம் ஜாக்கின் நட்டு படும் ஓரிடத்தையாவது பூச்சில்லாமல் விட்டால்தான் தரையிணைப்புக் கிடைக்கும். அங்கே சிறிது வாஸ்லின் தடவிவிடுங்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் கருவியைத் துணியால் மட்டும் மூடிவைப்பது ஈரத்தைப் பிடித்து வைப்பதற்குச் சமம். பின்பக்கம் காற்றோட்டம் விட்டு, நாள்தோறும் அரைமணி நேரமாவது ஓடவிடுங்கள். உள்ளே எழும் சூடே அதை உலர்த்தும்.

ஈரம் இன்னொரு வழியிலும் வரும். பற்றாசு வைக்கும்போது பலகையில் படியும் பிசின், வறண்ட காலத்தில் ஒன்றும் செய்யாது. கார்த்திகையில் அது ஈரத்தை உறிஞ்சி மெல்லக் கடத்தத் தொடங்கும். என் கன்ட்ரோலரில் (கீபோர்டுக்குப் பதிலாக விரல் வைத்து வாசிக்கும் பகுதி) விரலை எடுத்த பிறகும் சுருதியைப் பிடித்துவைக்க வேண்டிய ஒரு சுற்று இருக்கிறது. ஆனியில் அசையாமல் நின்ற சுவரம் கார்த்திகையில் இரண்டு வினாடிக்குள் அரைச் சுவரம் இறங்கியது. சில்லை மாற்றினேன், கொள்ளளவியை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு பலகையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, மேலே தெளிவான பூச்சு அடித்தேன். நின்றுவிட்டது. இங்கே வாழ்பவர்களுக்குப் பலகை கழுவுவது கட்டாயமான வேலை.

மின்வழங்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 230 வோல்டை நீங்கள் தொடாதீர்கள். 12 வோல்ட் மாறுமின்னோட்டம் தரும் மூடிய அடப்டர் ஒன்றை வாங்கி, 7812, 7912 என்ற இரண்டு சீராக்கிகளை வைத்துக் கட்டுங்கள். இரண்டின் கால்களும் ஒரே வரிசையில் இல்லை. 7812இல் முதற்கால் உள்ளீடு, 7912இல் முதற்கால் தரை. 2022 பங்குனியில் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, இரண்டு மோட்டார் சைக்கிள் பற்றரிகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைத் தரையாக்கி என் கருவியை ஓட்டினேன். அந்த நாட்களில் கேட்ட அளவுக்கு முனகலற்ற ஒலியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. இப்படிச் செய்தால் ஒவ்வொரு பற்றரிக்கும் உருகி கட்டாயம். பற்றரியின் குறுக்குச்சுற்று கேபிளையே எரித்துவிடும்.

இப்போது கீபோர்டுக் கேள்வி.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கிழக்கே ரொபர்ட் மூக், மேற்கே டொன் பக்லா, இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மின்னழுத்தத்தால் இயங்கும் சிந்தசைசரைக் கட்டினார்கள். மூக்கின் கருவி பியானோ போன்ற கீபோர்டுடன் உலகத்துக்குப் போனது. பக்லா கீபோர்டை ஏற்கவில்லை. விரல் பட்டால் உணரும் உலோகத் தகடுகளை வைத்தார். புதிய கருவிக்குப் பழைய கருவியின் விசைப்பலகையை மாட்டினால் பழைய இசையே வரும் என்பது அவருடைய நிலைப்பாடு. நான் இதில் பக்லாவின் பக்கம். நம் காதுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. பத்திரகாளி அம்பாள் கோவில் வாசலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவருக்கு ஒரு சுவரம் என்பது ஒரு புள்ளி அல்ல. அது அசைவு, வழுக்கல், கமகம். பன்னிரண்டு கட்டங்களாக வெட்டிய கீபோர்டில் தோடியின் காந்தாரத்தை எங்கே தேடுவது? அனலொக் அலையாக்கிக்கோ கட்டங்கள் தேவையே இல்லை. 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும், இடையில் உள்ள எந்த மின்னழுத்தத்துக்கும் ஒரு சுருதி உண்டு. கமகத்துக்காகவே பிறந்தது போன்ற ஒரு கருவியின் முன்னால் கட்டங்களைக் கொண்டுபோய் வைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

ஆகவே ரிப்பன் கன்ட்ரோலர் செய்யுங்கள். ஒரு நீளமான பட்டையில் விரல் வைக்கும் இடமே சுருதி. ஆயத்தமாக விற்கப்படும் பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கின்றன, 50 செ.மீ. வரை நீளம், 10 கிலோஓம் தடை. அவற்றின் ஓரத்துப் பசை நம் ஈரத்தில் விட்டுப்போகும் என்பதால் வேறு வழியைச் சொல்கிறேன். அது 1930இல் பேர்லினில் பிரீட்ரிக் டிராட்வைன் அறிமுகப்படுத்திய டிராட்டோனியம் என்ற மின்னிசைக் கருவியின் வழி: உலோகப் பட்டைக்கு மேலே தடைக்கம்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கும், விரல் அழுத்தும் இடத்தில் கம்பி பட்டையைத் தொடும், அவ்வளவே.

கம்பிக்கு, மின்சார அடுப்பின் சூடாக்கும் சுருளில் உள்ள நிக்குரோம் போதும். சுருளை நிமிர்த்தி எடுங்கள். 0.3 மி.மீ. தடிப்புள்ள நிக்குரோம் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 15 ஓம். அரை மீட்டருக்கு ஏழு, எட்டு ஓம். பற்றாசு அதில் பிடிக்காது. இரண்டு முனைகளையும் பித்தளைத் திருகுக்கடியில் வளையமாக நெரித்துப் பிடிக்க வேண்டும். முதிரைப் பலகைத் துண்டு கிடைத்தால் அதன்மேல் 15 மி.மீ. அகலமான பித்தளைப் பட்டையை ஒட்டி, கம்பியைப் பட்டைக்கு 1.5 மி.மீ. மேலே நிற்கும்படி இழுத்துக் கட்டுங்கள். ஒரு முனையில் சிறு சுருள்வில் வைத்தால் கம்பி தளராது.

தடை இவ்வளவு குறைவாக இருப்பதுதான் இதன் அருமை. வியர்த்த விரலின் தடை கிலோஓம் கணக்கில் இருக்கும்; எட்டு ஓமுக்குப் பக்கத்தில் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். மாரியோ கச்சான் காற்றோ, கம்பி ஒரே சுருதியைத் தரும். ஆயத்தமான 10 கிலோஓம் பட்டையில் வேறொரு கவலை உண்டு, கணக்கிட்டுப் பாருங்கள். பட்டைக்கு 2 வோல்ட் கொடுத்து, விரல் இல்லாதபோது தரைக்கு இழுத்துவைக்க 1 மெகாஓம் தடையியைப் போட்டால், நடுப்பகுதியில் சுருதி 3 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுவரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவு இறங்கும். அதைப் போக்க 10 மெகாஓம் போட வேண்டும். 10 மெகாஓம் என்பது ஈரப் பலகையின் கசிவுக்கு நெருங்கிய எண். கம்பியில் இந்தச் சிக்கலே எழாது.

கம்பிக்கு எல்.எம். 317 சில்லை மாறா மின்னோட்ட மூலமாகக் கட்டி 10 மில்லிஅம்பியர் கொடுங்கள். 125 ஓம் தடையி ஒன்றே அதற்குப் போதும். கம்பியின் மறுமுனை தரைக்கு. முழு நீளத்துக்கும் கிடைப்பது சுமார் 78 மில்லிவோல்ட். அதை ஏறத்தாழ 26 மடங்கு பெருக்கினால் 2 வோல்ட், அதாவது இரண்டு ஸ்தாயி. இந்தப் பெருக்கலுக்கு டி.எல். 072 என்ற வழக்கமான செயற்பாட்டு விரியலாக்கி (ஓப்-அம்ப்) வேண்டாம். அதன் உள்ளீட்டு விலகல் சில மில்லிவோல்ட் வரும். 26 மடங்கானால் ஒரு சுவரத்தையே தாண்டும். ஓ.பி. 07 என்ற செயற்பாட்டு விரியலாக்கியைப் போடுங்கள். பெருக்கத்தைத் திருத்தப் பலசுற்றுத் திருத்தும் தடையி ஒன்று. கம்பியின் தடிப்பு வேறாக இருந்தால் பெருக்கமும் மாறும், அதற்கும் இதுவே உதவும்.

விரலை எடுத்ததும் பித்தளைப் பட்டை அந்தரத்தில் நிற்கும். அதை 1 மெகாஓம் தடையியால் −12 வோல்டுக்கு இழுத்துவையுங்கள். விரல் இல்லையென்றால் பட்டை எதிர்மறையில் கிடக்கும், அழுத்தியதும் சுழியத்துக்கு ஏறும். ஓர் ஒப்பீட்டுச் சுற்று அதைக் கண்டுகொண்டு, சுவரம் தொடங்கியது, முடிந்தது என்ற சைகையைத் தரும். அதே சைகை சுருதியைப் பிடித்துவைக்கும் சுற்றையும் இயக்க வேண்டும். இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விரல் விலகும் கணத்தில் மின்னழுத்தம் சரியத் தொடங்கிவிடும். பிடிக்கும் சுற்று அந்தச் சரிவையும் சேர்த்துப் பிடித்தால் ஒவ்வொரு சுவரத்தின் வாலும் தொப்பென்று கீழே விழும். பெருக்கிய சுருதி மின்னழுத்தத்தை மட்டும் 47 கிலோஓம் தடையி, 100 நானோபரட் கொள்ளளவி வழியாக ஏறத்தாழ 5 மில்லிசெக்கன் தாமதப்படுத்துங்கள், சைகையைத் தாமதப்படுத்தாதீர்கள். சரிவு வந்து சேர்வதற்குள் கதவு மூடியிருக்கும். பிடித்துவைக்கும் கொள்ளளவி பொலிபுரொப்பிலீன் வகையாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் டி.எல். 072 தாராளமாகப் போதும். அந்த இடத்தில் வேண்டியது மிகக் குறைந்த உள்ளீட்டு மின்னோட்டம், அது அதற்கு உண்டு.

பித்தளை கறுக்கும். குத்துவிளக்குக்குச் செய்வது போலவே புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். புளியின் எச்சம் இருந்தால் பச்சை பூக்கும்.

பலகைக்குக் கீழே, சில்லுகள் குத்தி வருகிறதே அந்தக் கறுப்புப் பஞ்சில் இரண்டு துண்டுகளை வைத்து, மேலும் கீழும் செப்புத்தாள் ஒட்டினால் அழுத்தத்தை அளக்கலாம். அமுக்க அமுக்க அதன் தடை குறையும். அதை ஒலியளவுக்கோ வடிகட்டிக்கோ கொடுங்கள். சுவரத்துக்குள்ளேயே மூச்சு வந்துவிடும். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்க்கும் போதெல்லாம், இராவணன் தன் உடம்பின் நரம்பையே தந்தியாக்கி வீணை மீட்டியவன் என்ற கதை எனக்கு இந்தக் கம்பியோடு சேர்த்து நினைவுக்கு வருகிறது.

தாளத்துக்கும் ஒரு சிறு கன்ட்ரோலர் செய்யலாம். 4017 எண்ணிச் சில்லும் எட்டு மாறுந்தடையிகளும் எட்டு இருவாயிகளும் சேர்ந்தால் படிக்கு ஒரு மின்னழுத்தத்தை வரிசையாகத் தரும் எட்டுப் படி வரிசையாக்கி. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை. சில்லின் வெளியீடுகள் 0 முதல் 9 வரை. ஏழாம் எண் வெளியீட்டை மீளமைப்புக் (ரீசெட்) காலுக்கு இணைத்தால் ஏழு படிகளோடு திரும்பும், மிஸ்ர சாபு கிடைக்கும். ஐந்தாம் எண்ணை இணைத்தால் கண்ட சாபு. ஒரு சுழல் ஆளியால் இவற்றுக்கிடையே மாறும்படி பேனலில் வையுங்கள். எண்களை மட்டும் எழுதாமல் தாளத்தின் பெயரையே எழுதலாம்.

எழுத்து என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பேனலில் தமிழில் எழுதுங்கள். நான் என் முதல் பேனல்களில் ஆங்கிலத்தைத்தான் அச்சிட்டேன், எல்லோரும் செய்வதால். பிறகு மாற்றியபோது, கருவி என்னுடையதாகிவிட்ட உணர்வு வந்தது. தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் 2 மி.மீ. உயரத்தில் அப்பிக்கொள்ளும், 3.5 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், தடித்த எழுத்து வேண்டாம். நீண்ட கலைச்சொற்களுக்கு இடமில்லை. சுருதி, வடி, வீச்சு, வேகம், உள், வெளி என்று குறுஞ்சொற்களை எடுங்கள். வெளியீட்டு ஜாக்குகளைச் சுற்றி நிறைநிறக் கட்டம் போட்டால் இருட்டிலும் உள்ளீட்டோடு குழப்பம் வராது. எழுத்தை ஏற்றுவதற்கு லேசர் அச்சுப்பொறியில் எடுத்த தண்ணீரில் நழுவும் ஒட்டுத்தாளே நம் சூழலில் எளிது. ஒட்டி உலர்ந்த பிறகு தெளிவான பூச்சை மெல்லியதாக மூன்று முறை தெளியுங்கள். பெரிக் குளோரைட்டால் உலோகத்தை அரித்து எழுத்தெடுப்பவர்களும் உண்டு. அழகாக வரும், ஆனால் மீந்த கரைசலைக் கானில் ஊற்றினால் அது கடலுக்குத்தான் போகும். அதனால் அந்த வழியை நான் சொல்வதில்லை.

கடைசியாக, சுருதி சேர்ப்பது. கருவியை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பியின் கீழ் முனையில் விரல் வைத்து அலையாக்கியைச் ஷட்ஜத்துக்குச் சேர்த்து, சரியாக 250 மி.மீ. தள்ளி அழுத்தி, மேல் ஷட்ஜம் வரும்வரை திருத்தும் தடையியைத் திருப்புங்கள். வீணையில் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கும், 80 செ.மீ. தந்தியில் முதல் மெட்டு 4.5 செ.மீ. தூரத்தில் இருக்க, மேல் ஷட்ஜத்தை நெருங்கும் மெட்டுக்கு இடைவெளி 2.4 செ.மீ. தான். உங்கள் கம்பியில் அப்படி இல்லை. மின்னழுத்தம் ஏற்கெனவே ஸ்தாயிக் கணக்கில் இருப்பதால் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒரே கமகத்துக்கு விரல் போகும் தூரம் ஒன்றே. சங்கராபரணத்தின் சுவரங்களை இயற்கையான விகிதத்தில் வைத்தால் ஷட்ஜத்திலிருந்து ரிஷபம் 42.5 மி.மீ., காந்தாரம் 80.5, மத்யமம் 103.8, பஞ்சமம் 146.2, தைவதம் 184.2, நிஷாதம் 226.7. கீபோர்டின் காந்தாரம் 83.3இல் இருந்திருக்கும், அந்த 2.8 மி.மீ. வித்தியாசத்தை உங்கள் காது முதல் நாளிலேயே கண்டுகொள்ளும். எல்லாவற்றையும் குறிக்க வேண்டாம். ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் மட்டும் பலகையின் ஓரத்தில் ஒரு பருத்தி நூலை ஒட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் விரலுக்குத் தெரியும்.